ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கல்யாணம்

நடைப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இயற்கை அழைத்தது, மனம் ஏங்கியது என்று ஆரம்பிப்பார்கள். என்னை எதுவும் அழைக்கவில்லை. என் கல்யாணம் நின்றுவிடும்போல இருந்தது, அதனால் போனேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பழைய ரயில் பாதையில் சுமார் நான்கு கிலோமீட்டர். கூட வந்தவர்கள் மூன்று பேர்: என் அம்மா, எனக்கு நிச்சயித்த அமல், அமலின் அப்பா சவரிமுத்து மாமா.

நாங்கள் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், ரோவல் ரோடு பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அமல் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில்; சுருக்கமாக ஜேபி. அவன் இங்கே ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இரண்டு நாட்டையும் இணைக்கிற காஸ்வே பாலத்தைத் தாண்டி வந்து இருட்டிய பிறகு திரும்பிப் போகிற கூட்டத்தில் ஒருவன். நிச்சயதார்த்தத்தில் தேதி முடிவானது. எந்தக் கோயிலில் என்று கேட்டதற்கு "பேசிக்கலாம்" என்றார்கள் பெரியவர்கள். அந்த ஒரு சொல்லை அம்மா "எங்கள் கோயிலில்தான்" என்று புரிந்துகொண்டார். மாமாவும் அப்படியேதான் புரிந்துகொண்டார், அவர் கோயிலை வைத்து.

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இன்ன தேதி, இன்ன கோயிலில் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். பெண் பங்கிலும், அதாவது அவள் கோயில் சபையிலும், வாசிப்பார்கள், மாப்பிள்ளை பங்கிலும் வாசிப்பார்கள். முதல் ஞாயிறு எங்கள் சாமியார், திருமணம் இங்கே என்று வாசித்தார். அதே காலையில் ஜேபி சாமியார், திருமணம் அங்கே என்று வாசித்தார். ஒரே பெண், ஒரே மாப்பிள்ளை, ஒரே தேதி, இரண்டு நாடு, இரண்டு கோயில். இரண்டு இடத்திலும் முன்பதிவு செய்து, பாடகர் குழுவுக்குக்கூட சொல்லியாயிற்று.

மதியத்துக்குள் இரு தரப்பிலும் பேச்சு நின்றுபோனது. எங்கள் சாமியார் நிதானமானவர். "அடுத்த ஞாயிறு ஓலைக்கு முன்னாடி ஒரு கோயிலைச் சொல்லுங்க. இல்லேன்னா தேதியை எடுத்துடுவோம். அப்புறம் தவக்காலம் வந்துடும், ஈஸ்டர் கழிச்சுதான் பார்க்கணும்" என்றார். ஜேபி சாமியாரும் அதையேதான் சொன்னாராம். இந்த வேகத்தில் போனால் ஈஸ்டருக்குள் சம்பந்திகள் ஜென்மப் பகையாளிகள் ஆகிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே சனிக்கிழமை இருவரையும் நடக்கக் கூப்பிட்டேன். வீட்டில் உட்கார வைத்தால் குரல் ஏறும், நடக்க வைத்தால் மூச்சு வாங்கும் என்பது என் கணக்கு. ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மாமா மலேசிய ரயிலில் கார்டாக இருந்தவர். அந்தப் பாதை என்றால் வராமல் இருக்க மாட்டார்.

மாமா ஜேபியிலிருந்து எல்லையின் இந்தப் பக்கம் இருக்கும் வுட்லண்ட்ஸுக்கு ஷட்டில் ரயிலில் வந்தார். ஐந்து நிமிடப் பயணம். அங்கிருந்து வந்தால் ஐந்து ரிங்கிட், இங்கிருந்து திரும்பிப் போனால் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி, மூன்று மடங்குக்கு மேல். அதே வண்டி, அதே தூரம்தான். ஏன் அப்படி என்று நான் கேட்டதற்கு, "உங்க ஊரு வசதியான ஊரு லா, குடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. அம்மா சிரிக்கவில்லை.

அமல் அவரை எங்கள் வீட்டுப் பக்கமே கூட்டி வந்துவிட்டான். தேக்கா சந்தையில் தே தாரிக் டீ குடித்துவிட்டு ஏழரை மணிக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி மெட்ரோ நிலையத்தில் நீல நிற டவுன்டவுன் பாதையில் ஏறினோம். ஹில்வியூ வரை மாறாமல் போகலாம். இருபது நிமிடம் சொச்சம், கட்டணம் இரண்டு வெள்ளிக்குள். வண்டியில் அம்மா ஒரு கோடி, மாமா ஒரு கோடி. நடுவில் நானும் அமலும். அம்மா மடியில் இட்லி டப்பா, மாமா மடியில் ஜேபியிலிருந்து வாங்கி வந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். நான்கு பேருக்கு எட்டுப் பேர் சாப்பாடு. யாரும் யார் சாப்பாட்டையும் கேட்கவில்லை.

ஹில்வியூவிலிருந்து சற்று நடந்தால் ரயில் காரிடார் வந்துவிடும். முன்பு தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது சரளைப் பாதை. வடக்கே வுட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை இருபத்து நான்கு கிலோமீட்டர். இரு பக்கமும் மரம். காலையில் சைக்கிள்காரர்களும் ஓடுகிறவர்களும் இருப்பார்கள், ஆனாலும் இடிபட வேண்டியதில்லை. அன்று முந்தின நாள் மழையில் மண் குளிர்ந்து கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தும் நடக்க நடக்கக் குஷியாகிவிட்டது. வெயில் ஏறுமுன் இந்தப் பாதையில் நடப்பதைப் போல ஒரு சுகம் இந்த ஊரில் வேறு இல்லை.

கொஞ்ச தூரத்தில் சாலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம். மாமா அதைப் பார்த்ததும் வேகமாக நடந்தார். பக்கத்துக் கம்பியில் கையை வைத்துத் தட்டினார். "எங்க பாலம்" என்றார்.

"எங்க பாலமாம்" என்றார் அம்மா என்னிடம். அவரிடம் நேரடியாகப் பேசுவதில்லை என்று முடிவு. "கீழ ஓடுற ரோடு யாருதுன்னு கேளு."

"ரோடு உங்களுது. பாலம் எங்களுது. அப்படித்தான் லா இருந்துச்சு" என்றார் மாமா.

இந்த இடத்தில் வாசகர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. இல்லாவிட்டால் இவர்கள் சண்டை புரியாது. சிங்கப்பூரில் ரயில் 1903இல் ஓடத் தொடங்கியது. அப்போது நகர முனையம் தைப்பூசக் காவடி போய் முடிகிற டேங்க் ரோட்டில். 1918இல் காலனி அரசு இந்த ரயிலையும் அதன் நிலத்தையும் மலாய் மாநிலங்களின் ரயில் நிர்வாகத்துக்கு விற்றது. நிலத்தில் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகை. ஒரே வெள்ளைக்காரன் இரண்டு பக்கமும் ஆண்டதால் அன்று அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றியது மாதிரிதான். 1932இல் முனையம் தஞ்சோங் பகாருக்குப் போனது. 1965இல் இரண்டும் தனித்தனி நாடுகள் ஆனபோதுதான் விஷயம் சிக்கலானது. சிங்கப்பூரின் நடுவே, துறைமுகத்திலிருந்து எல்லை வரை, ஒரு நீளமான நாடா மாதிரி மலேசிய ரயிலின் நிலம்.

1990இல் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டன, முனையத்தைத் தஞ்சோங் பகாரிலிருந்து நகர்த்துவது என்று. கையெழுத்து உலர்ந்ததும் எப்போது, எதற்கு ஈடாக என்று ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். இருபது வருடம் அது முடியவில்லை. இதைப் படித்தபோது எங்கள் நிச்சயதார்த்தத்துப் "பேசிக்கலாம்" ஞாபகம் வந்து, பேருந்தில் தனியாகச் சிரித்தேன்.

அதற்குள் 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை வுட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. விளைவு என்ன? ஜேபிக்குப் போகிறவர் முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைவார். அப்புறம் அரை மணி ரயிலில் வந்து, வுட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். வெளியே போகாமலே உள்ளே நுழைகிற வித்தை பதின்மூன்று வருடம் நடந்தது.

"அப்ப நடுவுல அந்த ஆளுங்க எந்த நாட்டுல இருந்தாங்க?" என்று அமல் கேட்டான். அன்று காலை அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

"என் வண்டியில இருந்தாங்க" என்றார் மாமா. அம்மா சிரிப்பை அடக்கித் தோற்றுப்போய் இருமினார்.

பாலம் தாண்டிய பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். அதுதான் தவறு. புக்கிட் தீமா காட்டுக் குரங்குகள் இந்தப் பக்கம் சாதாரணம். ஒன்று மரத்திலிருந்து இறங்கி வந்து, சம்பந்திகள் நடுவில் நின்று, ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் பார்த்துவிட்டு, மாமாவின் நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"பார்த்தீங்களா! குரங்குக்கே தெரியுது எது ருசின்னு" என்று மாமா எழுந்து நின்று கத்தினார்.

"ஆமா, குரங்குக்குத் தெரியும். மனுஷங்களுக்கு இட்லி இருக்கு" என்றார் அம்மா. ஆனால் ஒரு இட்லியை எடுத்து மிளகாய்ப்பொடி தடவி அவர் பக்கம் நீட்டினார். ஒரு வாரத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மாமா நாலு இட்லி சாப்பிட்டார்.

வயிறு நிறைந்ததும் இருவரும் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். இரண்டும் நியாயம்தான், அதுதான் என் தொல்லை. மாமாவுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேர் கல்யாணமும் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. "ரெண்டு வாட்டியும் விருந்தாளி மாதிரி ஓரமா நின்னேன். ஒரே பையன். இதாவது என் இடத்துல நடக்கணும்னு நினைக்கிறது தப்பா?" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "இவ அப்பாவைக் கடைசியா அந்தக் கோயில் வாசல்ல இருந்துதான் அனுப்பி வெச்சேன். அந்த வாசல்ல ஒரு நல்ல காரியத்துக்கும் நிக்கணும் சம்பந்தி. அவ்வளவுதான்" என்றார்.  அமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். டப்பாக்களை மூடிவிட்டு நடந்தோம்.

அடுத்த நிறுத்தம் பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன். சின்னச் செங்கல் கட்டடம், பெயர்ப்பலகை, கொஞ்சம் தண்டவாளம் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். ரயில்வே ஆட்கள் குடியிருந்த வீடு இப்போது காபிக் கடை. அங்கே ஒரு காபி விலையில் தேக்காவில் நாங்கள் நாலு பேரும் குடிக்கலாம், எச்சரிக்கை. மாமா பையிலிருந்து ஒரு பச்சைக் கொடியை எடுத்து மேடையில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். கொடியோடு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அமல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இந்த ஸ்டேஷனின் வேலை என்ன என்று அம்மா கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமா விளக்கினார். சிங்கப்பூருக்குள் ஓடியது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வருகிற வண்டிகள் ஒதுங்க இங்கேதான் இடம். ஒரு பெரிய பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பையில் சாவி மாதிரி டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிதான் அடுத்த துண்டுப் பாதையில் போகலாம். ஓடுகிற வண்டியிலிருந்தே வளையத்தை வாங்கிக் கொடுப்பார்களாம். கடைசி நாள் வரை இங்கே அப்படித்தான் நடந்தது.

"டோக்கன் இல்லாம வண்டி நகராது. எதிர்ல வண்டி இல்ல, லைன் கிளியர்னு தெரியாம கார்டு பச்சைக் கொடி காட்டக்கூடாது. காட்டினா வேலை போயிடும்" என்றார் மாமா பெருமையாக. "என் சர்வீஸ்ல ஒரு நாள் தப்பினதில்லை."

என் அம்மா முப்பது வருடம் பள்ளிக்கூட கேன்டீனில் கடை நடத்தியவர். வரிசையில் நிற்காத பிள்ளைக்கு அவர் கையால் சோறு கிடைத்ததில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஒரே நாள்ல, ஒரே லைன்ல ரெண்டு கல்யாணத்தை எதிரெதிரா விட்டது யாரு? நான் கேன்டீன்காரி, எனக்குத் தெரியாது. நீங்க ரயில்வேக்காரர்தானே சம்பந்தி? லைன் கிளியர் கேட்டீங்களா?"

 மாமா கையில் பிடித்த பச்சைக் கொடி தானாக இறங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சைக்கிளில் போன ஒரு சீன அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனார். "கேக்கல சம்பந்தி, கேக்கல! ஆக்சிடென்ட் பண்ணிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் சிரித்தார். "நானும்தான் கேக்கல" என்றார், கொஞ்சம் மெதுவாக.

சிரிப்பு வந்துவிட்டது, முடிவு வரவில்லை. ஒரு வண்டி ஒதுங்க வேண்டும் என்று இருவருக்கும் புரிந்தது. எந்த வண்டி என்பதில்தான் இழுபறி. அப்போதுதான் நான் வைத்திருந்த கடைசிச் சீட்டைப் போட்டேன். "மாமா, ரயிலைக் குடுத்து மலேசியா வாங்கின இடத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"அந்தக் கண்ணாடிக் கட்டடமா? பார்க்கல. பார்க்கவும் மாட்டேன்" என்றார். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனபோது மேடையில் நின்று அழுதவர் அவர். ஸ்டேஷன் கைமாறி, தண்டவாளத்தைப் பிடுங்கியதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆச்சரியம், அம்மா என் பக்கம் சேர்ந்துகொண்டார். "அது எங்க கோயிலுக்குப் பக்கத்துலதான் சம்பந்தி. வாங்க, வெயில்ல நிக்காம ஏசில போய்ட்டு வந்துடலாம்."

மாமா முனகிக்கொண்டே கூட வந்தார். ஸ்டேஷனிலிருந்து கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி சில நிமிட நடை. அதே நீலப் பாதை, இருபது நிமிடத்துக்குள் பூகிஸ். 2010இல் இரு நாடும் ஒருவழியாக ஒத்துப்போனபோது, ரயில் நிலத்துக்கு ஈடாக மெரினா சவுத்தில் நான்கு துண்டு நிலமும் இங்கே ஓஃபிர்-ரோச்சோரில் இரண்டு துண்டும் கொடுத்தார்கள். இரண்டு அரசும் கூட்டுச் சேர்ந்து கட்டின: மலேசியாவுக்கு அறுபது பங்கு, சிங்கப்பூருக்கு நாற்பது. தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமாக முகப்பு வைத்த இரட்டைக் கட்டடம், பூகிஸ் நிலையத்திலிருந்தே போகலாம். அடியில் திறந்த முற்றம், செடிகள், உட்கார இடம்.

மாமா முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இது எங்களுதா?"

"அறுபது" என்றேன்.

"நாப்பது எங்களுது" என்றார் அம்மா உடனே.

அலுவலகக் கட்டடத்தை அப்புறம் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று அமல் என் காதில் சொன்னான். வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னேன். (மாமா, இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

மாமா செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார், காலையில் பாலத்தைத் தட்டிய மாதிரியே. "நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். "இங்கேர்ந்து உங்க கோயில் எவ்வளவு தூரம்?"

"நடந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷம்" என்றார் அம்மா.

 மாமா உடனே ஜேபியில் இருந்த அத்தைக்கு, அதாவது தன் மனைவிக்கு, போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. "கல்யாணம் இங்கதான். ஆனா நாம பொண்ணு வீட்டுக்கு விருந்தாளியா வரல. மாப்பிள்ளை ஊர்வலம் நம்ம இடத்துல இருந்து கிளம்புது. ரயில் குடுத்து வாங்கின இடம்." அந்தப் பக்கம் அத்தை, "எதையாவது சொல்லி ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்" என்றார். அம்மா விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லையே என்று நான் நினைக்கும்போதே அவரே, "விருந்து உங்க கோயில் மண்டபத்துல, கல்யாணத்துக்கு அடுத்த சனிக்கிழமை. எங்க ஆளுங்க எல்லாரும் ஜாம்ல நின்னு வருவோம்" என்றார். காஸ்வே நெரிசல் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரியும்.

மறுநாள் இரண்டு பங்கிலும் ஒரே கோயிலைச் சொல்லி ஓலை வாசித்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஏழரைக்குள் கிளம்புங்கள், பத்துக்கு மேல் நிழல் போதாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். சாப்பாட்டைப் பாதையில் பிரிக்காதீர்கள், குரங்குக்குக் கொடுத்தால் அபராதமும் உண்டு. மழைக்கு மறுநாள் பழைய காலணி. கால் வலு இருந்தால் புக்கிட் தீமாவோடு நிறுத்தாமல் தெற்கே நடக்கலாம். வழியில் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட்டு வளர்த்த முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் நான் பார்த்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது, வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. பெரியவர்களைக் கூட்டிப்போனால் பயணத்தை பூகிஸில் முடித்துக்கொள்ளுங்கள். ஏசி இருக்கிறது, கழிவறை இருக்கிறது, நின்று பார்க்க ஒரு காரணமும் இருக்கிறது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மேளத்துக்கு அனுமதி வாங்க நேரமில்லை, அதனால் சத்தமில்லாத ஊர்வலம். நான் கோயில் வாசலில் அம்மாவோடு நின்றதால் அந்த முற்றத்தில் நடந்ததை அமலின் அக்கா எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். அமல் கோட்டுப் போட்டு வியர்த்து நிற்கிறான். ஜேபியிலிருந்து வந்த கூட்டம் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக வரிசை கட்டி நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். பூசைக்கு நேரமாகிறது, ஆனால் மாமா நகரவில்லை. ஒரு கையில் சுருட்டிய பச்சைக் கொடி, இன்னொரு கையில் போன். "போகலாம்பா" என்று அமல் கெஞ்சுவது கேட்கிறது. "சும்மா இருடா. சொல்லணும்ல" என்கிறார் மாமா.

அந்த நேரம் இங்கே வாசலில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பாவை அனுப்பி வைத்த அதே படியில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, போனை எடுத்தார்.

"லைன் கிளியர் சம்பந்தி. வாங்க."

வீடியோவில் கொடி மேலே போகிறது.